பெரும்பான்மைக்கு 118 என்று சொன்னேன், சிரித்துவிட்டார்கள் (15-வது சட்டப்பேரவை பற்றி ஒரு சந்தேகம், உண்மையில் நாலைந்து)

நெல்லைத்தம்பி:

குரூப் 1 நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நான் படிக்கும் மையத்தில் மாதிரி நேர்காணல் வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. "தமிழ்நாடு சட்டப்பேரவையில் பெரும்பான்மைக்கு எத்தனை பேர் வேண்டும்?" என்றார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொண்டு 118 என்றேன். "எப்போது?" என்றார். புரியவில்லை. "எப்போதும்தான் சார், 234-ல் பாதி 117, அதோடு ஒன்று" என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள். "2016 முதல் 2021 வரை இருந்த பேரவையை மட்டும் எடுத்து ஒழுங்காகப் படித்துவிட்டு வாங்க, மற்றதெல்லாம் தானாக வரும்" என்று அனுப்பிவிட்டார்.

வந்து படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. அந்தப் பேரவையின் காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? என்னிடம் இருக்கும் நோட்ஸில் 23.5.2016 என்று இருக்கிறது (ஜெயலலிதா பதவியேற்ற நாள்). கூடப் படிப்பவன் முடிவு வந்த மே 19 என்கிறான். மூன்று முதலமைச்சர்கள் மாறியிருக்கிறார்கள், அப்படியானால் அது ஒரே பேரவையா, மூன்றா? 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார்கள், ஆனால் அரசை எதிர்த்து ஓட்டே போட்ட 11 பேரை ஏன் தொடவில்லை? கடைசியாக, இத்தனை களேபரத்துக்கு நடுவில் அந்த அவை சட்டம் ஏதாவது இயற்றியதா?

கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து. தேர்வுக்குப் படிக்கிறேன்.

---

கோட்டை_கேலரி:

அந்த நோட்ஸை முதலில் தூக்கிப் போடு தம்பி.

அரசியலமைப்பு 172-வது பிரிவைப் பார். அவையின் முதல் கூட்டத்துக்கு என்று குறிக்கப்பட்ட தேதியிலிருந்து ஐந்தாண்டு. வாக்குப்பதிவு நாள், முடிவு வந்த நாள், முதலமைச்சர் பதவியேற்ற நாள் எதுவும் கணக்கில் இல்லை. 15-வது பேரவை 2016 மே 25 அன்று கூடியது. தற்காலிகப் பேரவைத் தலைவராக இருந்த செம்மலை உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தார். அதனால் அதன் காலம் 2021 மே 24 வரை. தேர்தல் ஆணையமும் அந்தத் தேதியை வைத்துத்தான் 2021 தேர்தலை நடத்தியது. நிஜத்தில் அந்த நாள் வரை அவை நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். மே 2-ல் முடிவு வந்தது, மறுநாள் பழனிசாமி ராஜினாமா செய்தார், ஆளுநர் அவையைக் கலைத்தார். ஐந்தாண்டு என்பது உச்சவரம்பு, உத்தரவாதம் கிடையாது. இந்த வித்தியாசத்தைக் கேட்டால் பலர் முழிப்பார்கள், நீ முழிக்காதே. 1967-ல் வந்த அவையை ஓராண்டு மிச்சம் இருக்கும்போதே 1971-ல் கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போனார்கள். 1989-ல் வந்த அவை இரண்டே ஆண்டில் கலைந்தது.

முதலமைச்சர் மாறினால் அமைச்சரவை மாறும், அவை மாறாது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 வரை, அடுத்து ஓ.பன்னீர்செல்வம், 2017 பிப்ரவரி 16 முதல் எடப்பாடி பழனிசாமி. மூன்று அமைச்சரவை, ஒரே பேரவை, ஒரே பேரவைத் தலைவர். ப.தனபால் 2016 ஜூன் 3 அன்று போட்டியில்லாமல் தேர்வானார், கடைசி வரை அவர்தான். துணைத் தலைவர் பொள்ளாச்சி ஜெயராமன். எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின், துணைத் தலைவர் துரைமுருகன்.

அவை முன்னவர் என்ற பதவியையும் பார்த்து வைத்துக்கொள். முதலமைச்சர்தான் அவை முன்னவர் என்று நினைத்துப் பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தப் பேரவையில் முதலில் பன்னீர்செல்வம், அப்புறம் செங்கோட்டையன், 2018 ஜனவரியிலிருந்து மறுபடியும் பன்னீர்செல்வம். அதாவது 2017 பிப்ரவரியில் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர், ஓராண்டு முடிவதற்குள் அதே அவையில் அரசுத் தரப்பை நடத்துகிற இடத்துக்கு வந்துவிட்டார். கேலரியில் உட்கார்ந்து பார்த்த எங்களுக்கே யார் எந்த வரிசை என்று நினைவில் வைப்பது சிரமமாக இருந்த காலம் அது.

---

கணக்கு_வாத்தியார்:

118 கதைக்கு வருகிறேன். உங்களைப் பார்த்துச் சிரித்தவர் சரியாகத்தான் சிரித்தார்.

234 என்பது மொத்த இடங்கள். எந்த நாளிலும் கணக்கு, அன்றைக்கு உயிரோடும் பதவியோடும் இருக்கிற உறுப்பினர்களை வைத்துத்தான். இது முதல் விஷயம். இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரியாது. அவைக்குள் ஒரு தீர்மானம் ஜெயிக்க மொத்த உறுப்பினர்களில் பாதிகூடத் தேவையில்லை. 189-வது பிரிவு, வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும் என்கிறது. நம்பிக்கை கோரும் தீர்மானத்துக்கும் அதே விதிதான். 118 என்பது ஆளுநர் மாளிகைக்குப் பட்டியலோடு போகும்போது பேசுகிற எண். அவைக்குள் எண்ணுகிறபோது பேசுகிற எண் வேறு.

பழனிசாமி நம்பிக்கை கோரிய 2017 பிப்ரவரி 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இருந்த உறுப்பினர்கள் 233 (ஜெயலலிதா மறைவால் ஆர்.கே.நகர் காலி). ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திமுக கேட்டது, பேரவைத் தலைவர் மறுத்தார், அமளி, இரண்டு முறை ஒத்திவைப்பு, திமுக உறுப்பினர்களை அவைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்பு. மிச்சம் இருந்தவர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11 (அதிமுகவிலிருந்து பிரிந்து நின்ற பன்னீர்செல்வம் அணி). ஆக வாக்களித்தவர்கள் 133 பேர். 67 கிடைத்திருந்தாலே அன்றைக்குத் தீர்மானம் நிறைவேறியிருக்கும்! 122 என்பது 117-ஐ விடவும் அதிகம் என்பதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, ஆனால் விதி அதுதான்.

ஒரு மாதம் கழித்து, மார்ச் 23, அதே தலைவரை நீக்கக்கோரி திமுக தீர்மானம் கொண்டுவந்தது. பொள்ளாச்சி ஜெயராமன் அவையை நடத்தினார். தீர்மானத்துக்கு ஆதரவு 97, எதிர்ப்பு 122. இங்கே விதி வேறு. பேரவைத் தலைவரை நீக்க 179-வது பிரிவுப்படி அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 233-க்கு 117. எதிர்த்து ஒருவர்கூட ஓட்டுப் போடாமல் இருந்திருந்தாலும் 97-ஐ வைத்து அவரை அசைத்திருக்க முடியாது. முதலமைச்சரை இறக்குவதைவிடப் பேரவைத் தலைவரை இறக்குவது கடினம். தமிழ்நாட்டில் அது நடக்காமலும் இல்லை, 1972 டிசம்பரில் கே.ஏ.மதியழகன் அப்படித்தான் போனார்.

இப்போது செப்டம்பர் 2017. ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். தலைவரைச் சேர்த்து அதிமுக 135. தலைவரைக் கழித்தால் 134. அதில் தினகரன் (பழனிசாமியை எதிர்த்த அதிமுக அணியின் தலைவர்) பக்கம் நின்ற 18-ஐக் கழித்தால் 116. எதிர்ப்பக்கம் திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1. கூட்டினால் 98. அதோடு அந்த 18.

116.

நான் இதை முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 116-க்கு 116. சமநிலை வந்தால் என்ன ஆகும்? சாதாரணமாக ஓட்டுப் போடாத தலைவர் அப்போது மட்டும் தன் ஓட்டைப் போடலாம், அதே 189-ல் இருக்கிறது. ஆக அந்த ஆட்சியின் உயிர் தனபாலின் கையில் ஒரே ஒரு ஓட்டாக வந்து நின்றிருக்கும். ஆனால் அந்த நிலை வரவே இல்லை. செப்டம்பர் 18 அன்று 18 பேரும் தகுதி நீக்கம். உறுப்பினர் எண்ணிக்கை 233-லிருந்து 215-க்கு இறங்கியது, அதில் பாதிக்கு மேல் என்றால் 108. அதிமுகவிடம் தலைவரைச் சேர்த்து 117. ஒருவர்கூடப் புதிதாக வந்து சேராமலே பெரும்பான்மை வந்துவிட்டது. கூட்டல் எதுவும் நடக்கவில்லை, வகுக்கும் எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

---

சட்டக்கல்லூரி_சாலை:

வாத்தியார் சார், கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு ஓட்டை. திமுகவின் 89-ல் கருணாநிதியும் இருக்கிறார். 2017 செப்டம்பரில் அவர் உடல்நலம் குன்றி வீட்டில் இருந்தார், அவைக்கு வந்து வாக்களிக்கிற நிலையில் இல்லை. ஆக 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த 18 பேரும் "ஆட்சியைக் கவிழ்ப்போம்" என்று சொல்லவில்லை. முதலமைச்சரை மாற்ற வேண்டும், நாங்கள் அதிமுகவிலேயே இருக்கிறோம் என்பதுதான் அவர்கள் வாதம். அவர்களை நேரே திமுக வரிசையில் கூட்டுவது தாளில் மட்டும்தான் சரி.

இப்போது தம்பியின் 18-11 கேள்வி. அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி பறிபோக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தானாகவே கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிடுவது. மற்றொன்று, கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பது (பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம்). 18 பேர் மீது முதல் வழி. 2017 ஆகஸ்ட் 22 அன்று ஆளுநர் வித்யாசாகர் ராவைச் சந்தித்து முதலமைச்சருக்கு ஆதரவை விலக்கிக்கொள்கிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். அன்று போனவர்கள் 19 பேர், ஜக்கையன் மட்டும் பிறகு திரும்பிவிட்டார். கடிதம் கொடுத்ததே கட்சியைக் கைவிட்டதற்குச் சமம் என்று அரசுக் கொறடா ராஜேந்திரன் புகார் கொடுத்தார், தலைவர் ஏற்றுக்கொண்டார். கர்நாடகத்தில் எடியூரப்பாவுக்கு எதிராக இதே மாதிரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களின் தகுதி நீக்கத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 18 பேர் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14 அன்று தீர்ப்பு இரண்டாகப் பிளந்தது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைவர் செய்தது செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவதாக நீதிபதி சத்தியநாராயணன் விசாரித்து அக்டோபர் 25 அன்று செல்லும் என்று முடித்தார்.

11 பேர் விஷயம் இரண்டாவது வழியில் வருகிறது. அவர்கள் அவைக்குள்ளேயே, எல்லாரும் பார்க்க எழுந்து நின்று எதிர்த்து வாக்களித்தவர்கள். ஆனால் 2017 ஆகஸ்டில் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இரண்டும் இணைந்துவிட்டன, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆகிவிட்டார், ஆளுங்கட்சியில் யார் புகார் கொடுப்பார்கள்? திமுக வழக்குப் போட்டது. முடிவெடுக்கும்படி தலைவருக்கு நாங்கள் உத்தரவிட முடியாது என்று 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 பிப்ரவரியில், தலைவர் இப்போது நோட்டீஸ் அனுப்பிவிட்டார், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வழக்கை முடித்தார்கள். ஓட்டுப் போட்டு மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ்! மணிப்பூர் வழக்கில் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் தலைவர் முடிவெடுக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்கு முந்தைய மாதம்தான்.

ஆகவே, "ஏன் 11 பேரைத் தொடவில்லை" என்று நேர்காணலில் கேட்டால், சட்டம் இரண்டுக்கும் வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் மனதில் பட்டதைச் சொன்னால், ஒன்றுக்கு 27 நாள், இன்னொன்றுக்கு மூன்று வருஷமும் போதவில்லை. அட்டவணையில் காலக்கெடு என்று ஒரு வரி இல்லாததால் வந்த வினை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த மாநிலமாக இருந்தாலும், தலைவர் ஆளுங்கட்சியில் இருந்துதான் வருகிறார். இதைச் சொன்னால் கட்சிச் சண்டை ஆகாது என்று நினைக்கிறேன்.

---

கணக்கு_வாத்தியார்:

கருணாநிதி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். விட்டுவிட்டேன். 116-115. ஒரு ஓட்டில் நிற்கும் ஆட்சி. அப்போதும் பேனாவைக் கீழே வைத்திருப்பேன்.

---

அமராவதிக்கரை:

எல்லாரும் கோட்டைக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அரவக்குறிச்சிக்காரன். எங்கள் பக்கத்திலிருந்து எண்ணிக் காட்டுகிறேன்.

2016 மே மாதம் தமிழ்நாடே ஓட்டுப் போட்டது, நாங்களும் தஞ்சாவூரும் மட்டும் போடவில்லை. பணப் பட்டுவாடா புகாரில் ஆணையம் தேர்தலை நிறுத்திவிட்டது. (அதனால்தான் மே 2016-ல் அவை 232 பேரோடு தொடங்கியது. தம்பி, குறித்துக்கொள்.) நவம்பர் 19 அன்று போட்டோம். அதிமுக சார்பில் செந்தில்பாலாஜி ஜெயித்தார். பத்தே மாதம், 18 பேரில் ஒருவராகப் போய்விட்டார். அதன் பிறகு 20 மாதம் எங்களுக்கு எம்எல்ஏ கிடையாது. வழக்கு நடக்கிறது, இடைத்தேர்தலை அறிவிக்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு என்று எதற்கு மனு எழுதினாலும் எம்எல்ஏ ஆபீசில் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. இங்கே நீங்கள் வகுக்கும் எண் என்று சொல்கிறீர்களே, அந்த 18-ம் 18 ஊர் சார்.

2019 மே 19 அன்று மறுபடியும் ஓட்டு. யார் ஜெயித்தார் என்று நினைக்கிறீர்கள்? அதே செந்தில்பாலாஜி. இந்த முறை திமுக. ஒரே பேரவை, ஒரே தொகுதி, ஒரே ஆள், எதிரெதிர் வரிசை. என் மாமா அன்றைக்குக் கேட்டார், "நாம மாறினமா, அவரு மாறினாரா?" என்று. இன்னும் பதில் சொல்லவில்லை நான்.

---

மெரினா_ஜனவரி:

சட்டம் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் நான். அந்தப் பேரவை நிறையச் சட்டம் இயற்றியது, ஆனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று நான்கை எடுத்து, அவைக்கு வெளியே அது எங்கே போனது என்று பின்தொடர்ந்தாலே போதும், அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஜல்லிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அங்கே நான் இருந்தேன் என்பதால். ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 2017 ஜனவரி 17-லிருந்து மெரினா கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றோம். பாதிப் பேருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவசரச் சட்டம் அவை கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகும் என்பது பின்னால் படித்தது. 23-ம் தேதி காலையில் எங்களை அப்புறப்படுத்தினார்கள், அன்றைக்கு நகரத்தில் நடந்தது வேறு கதை. மாலையில் சிறப்புக் கூட்டம் கூட்டி மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒன்றியத்தின் சட்டம், விஷயம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, அதனால் மாநிலம் அதில் திருத்தம் செய்தால் 254-ன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். ஜனவரி 31-க்குள் அதுவும் வந்துவிட்டது. எட்டு நாள்! 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அந்த ஒப்புதல் வந்த மறுநாள், 2017 பிப்ரவரி 1. அதே அவை, அதே ஒருமனது, அதே பொதுப்பட்டியல், அதே குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவை. நீட் விலக்கு கேட்டு இரண்டு மசோதாக்கள். அந்த இரண்டும் 2017 செப்டம்பரிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அது ஊருக்குத் தெரிந்தது 2019 ஜூலையில், உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பிறகுதான். அதுவரை "மசோதா நிலுவையில் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு வருஷத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அவை ஒருமனதாகக் கேட்டால் என்ன மதிப்பு என்பதற்கு இந்த இரண்டு உதாரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மசோதாவின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, மேலே கேட்கிற காது வேறு.

அப்புறம் 7.5 சதவீதம். நீட்டில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் உள் ஒதுக்கீடு. கொரோனா காலம் என்பதால் அவை கோட்டையில் கூடவில்லை, கலைவாணர் அரங்கத்தில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டுக் கூடியது, மொத்தமே மூன்று நாள். 2020 செப்டம்பர் 15 அன்று நிறைவேற்றினார்கள். ஆளுநர் புரோகித் கையெழுத்துப் போடவில்லை. கலந்தாய்வுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29 அன்று அரசு 162-வது பிரிவைக் காட்டி அரசாணையாகவே போட்டுவிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். நேர்காணலுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான், ஏனென்றால் ஆளுநர் ஒப்புதலுக்கான 200-வது பிரிவு, நிர்வாக அதிகாரம் பற்றிய 162, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

கடைசி நாளில் செய்தது வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 பிப்ரவரி 26, அன்றைக்கே தேர்தல் தேதியையும் ஆணையம் அறிவித்தது. அவசரம் தெரிந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது, 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போதுமான தரவு இல்லாமல் உள் ஒதுக்கீடு தர முடியாது என்பது சாரம். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய 2020 பிப்ரவரிச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் அமைதியாக நடந்த வேலை, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

---

கோட்டை_கேலரி:

மெரினா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்த மசோதாக்கள் பலவற்றில் விவாதம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. மானியக் கோரிக்கை நடக்கிற நாட்களில் கடைசி இரண்டு மூன்று நாளில் மொத்தமாக அடுக்கி, "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க, ஆம் என்போரே மிகுதி" என்று குரல் வாக்கெடுப்பில் போய்க்கொண்டே இருக்கும். கேலரியில் நாங்கள் தலைப்பை எழுதி முடிப்பதற்குள் அடுத்த சட்டமுன்வடிவு வந்திருக்கும். எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் இதே வேகம்தான், நான் நான்கு பேரவை பார்த்தவன். பேரவை விதிகளில் 110-வது விதியின் கீழ் முதலமைச்சர் அறிக்கை படித்தால் அதன் மேல் விவாதமே கிடையாது, அதைப் பயன்படுத்துவதில் ஜெயலலிதாவை மிஞ்ச ஆளில்லை. விவாதம் வேண்டும் என்றால் கேள்வி நேரத்தையும் கவன ஈர்ப்பையும் பார்க்க வேண்டும், சட்டம் செய்கிற நேரத்தை அல்ல. சொல்வதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

---

நெல்லைத்தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அரவக்குறிச்சி அண்ணா, உங்கள் மாமா கேட்டதை நேர்காணலில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன் :)

ஒரே ஒரு கேள்வி. 232-ல் ஆரம்பித்தது, அப்புறம் 233, அப்புறம் 215. அப்படியென்றால் அந்த அவையில் 234 பேரும் முழுசாக இருந்த நாள் என்று ஒன்று உண்டா? 118 என்ற என் பதில் ஒரு நாளாவது சரியாக இருந்திருக்குமா?

---

கணக்கு_வாத்தியார்:

நல்ல கேள்வி. இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை, இப்போது உட்கார்ந்து எண்ணினேன்.

2016 நவம்பர் 22. தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் (அங்கே ஜெயித்தவர் மறைந்துவிட்டதால் இடைத்தேர்தல்) மூன்றின் முடிவும் வந்தது. அன்று 234. டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். பதின்மூன்று நாள்.

அடுத்து 2019 மே 23. காலியாக இருந்த 22 தொகுதிகளுக்கும் (18 பேர், அதோடு திருவாரூர், திருப்பரங்குன்றம், ஓசூர், சூலூர்) முடிவு வந்தது. திமுக 13, அதிமுக 9. அதிமுக 123 ஆனது, ஆட்சி பற்றிய பேச்சு அதோடு அடங்கியது. அவை மறுபடியும் 234. ஆனால் நாங்குநேரி எம்எல்ஏ வசந்தகுமார் அதே நாளில் கன்னியாகுமரி எம்பியாக ஜெயித்திருந்தார், மாதம் முடிவதற்குள் ராஜினாமா செய்துவிட்டார். ஒரு வாரம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். ஜூனில் விக்கிரவாண்டி ராதாமணி மறைந்தார்.

அந்த இரண்டுக்கும் 2019 அக்டோபர் 24-ல் முடிவு வந்தது. மூன்றாவது முறையாக 234. இது கொஞ்சம் நீண்டது, நான்கு மாதம். 2020 பிப்ரவரி கடைசியில் திருவொற்றியூர் கே.பி.பி.சாமியும் குடியாத்தம் காத்தவராயனும் அடுத்தடுத்த நாளில் மறைந்தார்கள். ஜூனில் ஜெ.அன்பழகனைக் கொரோனா கொண்டுபோனது. அதன் பிறகு இடைத்தேர்தலே நடக்கவில்லை.

மொத்தமாகப் பார்த்தால் ஐந்தாண்டில் ஏறக்குறைய ஐந்து மாதம் உங்கள் பதில் சரி.

---

நெல்லைத்தம்பி:

அப்போது அந்த சாரிடம் மறுபடியும் போனால் என்ன சொல்வது?

---

சட்டக்கல்லூரி_சாலை:

"எந்தத் தேதிக்கு சார்?" என்று கேளுங்கள். அவர் தேதி சொன்னால், "ஆளுநர் மாளிகையிலா, அவைக்குள்ளேயா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் அவர் கேட்க மாட்டார்.